ப்ளூ-ரே டிஸ்க்கில் வைத்த பொட்டு

அம்மு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டு முடித்துவிட்டேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ கடைசியாக ஒன்று சொன்னாய். குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும். இருபது வருஷமாக நான் சமாளிக்கிற லட்சணத்தைப் பார்த்தவள் நீ.

கல்யாண மேடையில் அம்மா படத்தை எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று உன் குரல் இறங்கிவிட்டது. "அப்பா, அம்மா முகம் கண்ணுக்குள்ளயே இருக்கு. குரல் மட்டும் வர மாட்டேங்குதுப்பா. என்னை எப்படிக் கூப்பிடுவாங்கன்னே மறந்துபோச்சு" என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். "அந்த டிஸ்க்ல இருந்துச்சு. நான்தானே பொட்டு வச்சுக் கெடுத்தேன்" என்றாயே, அங்கேதான் எனக்கு அந்தக் குக்கர் விசில் அடித்தது. பன்னிரண்டு வயதில் செய்த ஒரு காரியத்தை இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு, பெங்களூரில் வேலை பார்த்து, சம்பாதித்து, மாப்பிள்ளையையும் நீயே பார்த்துக்கொண்டு, என்னிடம் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாய். எனக்கு அது தெரியவே தெரியாது.

அன்று மாலையே பீரோவைத் திறந்து அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டேன். உன் அம்மாவின் குரல் அதற்குள் இருக்கிறதா, போய்விட்டதா என்பதை இந்தக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. பொட்டு வைத்தால் டிஸ்க்குக்கு என்ன ஆகும் என்பது, டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் விளங்கும். போன மாதம் வீடியோ காலில் மாப்பிள்ளை வேறு, "ப்ளூ-ரேன்னா என்ன மாமா, நீலக் கலர் சிடியா?" என்று கேட்டார். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. ஒரே செலவில் இரண்டு பேருக்கும் பாடம் முடிந்துவிடும்.

உனக்கு ஐந்தாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது தெப்பக்குளம் பக்கத்தில் இருந்த நம் ஸ்டுடியோவுக்குப் புதுக் கேமரா வந்தது. எச்.டி கேமரா. அதை ஏன் வாங்கினேன் என்றால், ஒரு மயிலுக்காக. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் ஒரு வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்திருந்தேன். பெண்ணின் தாயார் டிவிடியைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "பொண்ணு புடவையில மயில் மயிலா இருந்துதே, உங்க வீடியோல ஒரு மயிலைக்கூடக் காணுமே" என்றார். நானும் போட்டுப் பார்த்தேன். புடவை ஒரு சிவப்புத் துணியாகவும் ஜரிகை ஒரு மஞ்சள் தீற்றலாகவும் இருந்தன. மாமி சொன்னது நியாயம்தான். திரையில் தெரிகிற படம் முழுக்கப் புள்ளிகளால் ஆனது. பழைய டிவிடி படத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு வரிசைக்கு எழுநூற்று இருபது புள்ளிகள். எச்.டி படத்தில் ஒரு வரிசைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. வரிசைகளும் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. மயிலுக்குக் கண், மூக்கு, தோகை எல்லாம் வரைய அந்தப் பழைய படத்தில் புள்ளி போதவில்லை. எச்.டி என்பது அவ்வளவுதான், புள்ளிப் பஞ்சம் தீர்ந்த படம்.

ஆனால் புள்ளி கூடினால் இடம் வேண்டும். எச்.டியில் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தை டிவிடிக்குள் அடைக்கப் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்பிலேயே டிஸ்க் நிரம்பிவிடும். டிவிடி ஒன்றில் ஐந்து ஜி.பிகூடப் பிடிக்காது. அதே அளவு, அதே வட்டம், நடுவில் அதே ஓட்டை, ஆனால் இருபத்தைந்து ஜி.பி பிடிக்கும் என்று ஒன்று வந்தது. அதுதான் ப்ளூ-ரே. அதில் எழுதுகிற கருவியையும் கேமராவோடு சேர்த்து வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். உன் அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, இது யாரு வீட்டு டிவியில ஓடும்?" என்று கேட்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் கேட்டதுதான் நடந்தது. ப்ளூ-ரே ஓடுகிற பிளேயர் ஊரில் நாலு பேர் வீட்டில்கூட இல்லை. இரண்டு வருஷத்தில் எல்லாரும் பென் டிரைவுக்குப் போய்விட்டார்கள், நானும் போய்விட்டேன். இப்போது கல்யாணத்தை நேரலையாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் அம்மா சொன்னது சரியாகிவிட்டதே என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

ஒரே அளவு டிஸ்க்கில் ஐந்து மடங்கு எப்படிப் பிடிக்கிறது என்று மாப்பிள்ளை கேட்பார். அவருக்கு நீயே சொல்லலாம், ஏனென்றால் இன்னும் கொஞ்ச நாளில் உன் கையில் மருதாணி வைக்கப்போகிறார்கள். கோன் நுனியைப் பெரிதாக வெட்டினால் கோடு தடிமனாக வரும். உள்ளங்கையில் ஒரு பூவோடு இடம் தீர்ந்துவிடும். நுனியை ஊசி மாதிரி வெட்டினால் அதே உள்ளங்கையில் பூவும் கொடியும் உன் பெயரும் அவர் பெயரும் அடங்கும். டிஸ்க்கில் எழுதுவது லேசர் ஒளி. சிடியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, டிவிடியில் சிவப்பு. இரண்டும் கொஞ்சம் தடித்த நுனி. ப்ளூ-ரேயில் நீலமும் ஊதாவும் கலந்த ஒளி. அதன் அலை சின்னது, அதனால் நுனியும் சின்னது. அடையாளங்களைச் சின்னதாகவும் நெருக்கமாகவும் வைக்க முடியும். ஆக, நீலம் என்பது ஒளியின் நிறம். டிஸ்க் நீலக் கலர் இல்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

அந்த அடையாளங்கள் டிஸ்க்கின் உள்பக்கத்தில், நடு ஓட்டைக்குப் பக்கத்தில் தொடங்கி, ஒரே கோடாகச் சுற்றிச் சுற்றி விளிம்பை நோக்கிப் போகும். நான் எழுதியது எவ்வளவோ அவ்வளவுதான் கோடு நிரம்பும். கொஞ்சமாக எழுதினால் உள்வட்டம் மட்டும் நிரம்பியிருக்கும், வெளிவட்டம் காலி. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டுக்கும் நிறத்தில் லேசான வித்தியாசம் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள். பளபளப்பான பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சிடியில் அப்படி இல்லை. எழுதியது மேலே, படம் ஒட்டுகிற பக்கத்துக்குக் கீழேதான் இருக்கும். டிவிடியில் சரியாக நடுவில், இரண்டு பிளாஸ்டிக்குக்கு இடையில் இருக்கும். ப்ளூ-ரேயில்தான் பளபளப்பான பக்கத்தின் தோலுக்கு அடியிலேயே, ஒரு தாள் கனத்துக்குள் இருக்கும். மெல்லிய ஒளியைத் தூரத்துக்கு அனுப்பினால் கலங்கிவிடும் என்று எழுத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அதனால் அந்தப் பக்கத்தில் படுகிற அழுக்கு ப்ளூ-ரேயை மற்ற இரண்டையும்விட அதிகமாகப் படுத்தும். அதற்காகவே மேலே கெட்டியாக ஒரு பூச்சும் பூசியிருக்கிறார்கள். டிஸ்க்கை விளிம்பில் பிடி, துடைத்தால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடை, வட்டமாகத் தேய்க்காதே என்று நான் ஸ்டுடியோவில் கத்துவேனே, அது இதனால்தான்.

இப்போது அந்த டிஸ்க்கில் இருக்கிற நாளுக்கு, காவிரி அணைக்கட்டைப் பார்க்க முக்கொம்புக்குப் போன நாளுக்கு வருவோம். புதுக் கேமராவைக் கல்யாண வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு முன்னால் வெளியில் ஒரு நாள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். உன் அம்மா காலையிலேயே புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிவிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போனோம். மதகில் தண்ணீர் விட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் தண்ணீரை எடுத்தேன், மரத்தை எடுத்தேன், பிறகு உன் அம்மாவை எடுத்தேன். சின்னத் திரையில் அவளுக்கே காட்டினேன். பார்த்துவிட்டு, "ஐயோ, இதுல கன்னத்துல இருக்கிற பருவெல்லாம் தெரியுதுங்க. பழைய கேமராவே இருக்கட்டும்" என்றாள். எச்.டி பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் அதுதான். நீ அந்தப் பக்கம் தண்ணீருக்கும் இந்தப் பக்கம் ஊஞ்சலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்து அதைத்தான் முதல் ப்ளூ-ரேயாக எழுதினேன். மேலே படம் அச்சடிக்கிற வெள்ளை டிஸ்க். உன் அம்மா கையில் டிபன் பாக்ஸோடு சிரிக்கிற படத்தை எடுத்து, ஸ்டுடியோ பிரிண்டரிலேயே டிஸ்க்கின் மேல் அச்சடித்துக் கொடுத்தேன். பரு தெரியாதபடி. மறுநாளே கேமரா கார்டை அழித்துவிட்டு அதில் ஒரு காதணி விழாவை எடுத்தேன். எங்கள் தொழிலில் கார்டு அப்படித்தான் சுற்றும். கம்ப்யூட்டரில் இருந்த நகலும் ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கோடு போயிற்று. ஊரில் உள்ள கல்யாணத்துக்கெல்லாம் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, ஸ்டுடியோவுக்கு ஒன்று என்று எழுதி வைக்கிறவன், வீட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்றோடு நின்றுவிட்டேன். அவசரம் என்ன, இவள் இங்கேதானே இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அவள் இல்லை. அந்த நாட்களைப் பற்றி நான் உனக்கு எழுத வேண்டியதில்லை, நீ கூடவே இருந்தாய். அந்த ஆண்டு நாம் பண்டிகை எதுவும் கொண்டாடவில்லை. அதற்கடுத்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. ஸ்டுடியோவில் பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் கேமராவுக்கும் விளக்குகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் அவள் வேலை. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டாண்டின் மூன்று காலுக்குக்கூட விடாமல் வைத்துக்கொண்டு வருவாள். நான் அன்றைக்கு அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ வந்து எடுத்தாய். பள்ளிக்கூடத்துத் துப்பட்டாவை அவளைப்போலவே இடுப்பில் செருகிக்கொண்டாய். ஒன்று விடாமல் வைத்துக்கொண்டே போனாய். எனக்குக் கண் மறைத்துவிட்டது, எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

உன் அம்மாவுக்குச் சில நுணுக்கங்கள் தெரியும். லென்ஸில் வைக்க மாட்டாள், லென்ஸ் மூடியில் வைப்பாள். டிஸ்க்கில் வைக்க மாட்டாள், டிஸ்க் பெட்டியில் வைப்பாள். அதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. நீ லென்ஸ் மூடியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய். முக்கொம்பு டிஸ்க்கை மட்டும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அம்மா படத்தின் மேல் ஈரச் சந்தனம் பட்டால் முகம் கலைந்துவிடும் என்று யோசித்து, திருப்பிப் போட்டு, பளபளப்பான பக்கத்தில் மூன்று பொட்டு வைத்தாய். பெரிய பொட்டு. அம்மாவுக்கு என்பதால் தாராளமாகவே வைத்திருந்தாய். பார்க்கிற யாருக்கும் அதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். எனக்கே அந்த இடத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும், தொழில் தெரியாமல் இருந்திருந்தால்.

மறுநாள் விஜயதசமி. எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. நீ கதவோரம் நின்றுகொண்டு, "அம்மா முகம் அழிஞ்சிடும்னுதான்ப்பா திருப்பி வச்சேன்" என்றாய். டிஸ்க்கைப் பெட்டியில் வைத்து மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன். திட்டவில்லை, முறைக்கவில்லை, உன்னைக் காயப்படுத்தக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் கோடு விழும், ஆற அமர ஒரு நாள் பார்க்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. உண்மையைச் சொன்னால், போட்டுப் பார்த்து ஓடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம். பீரோவில் இருக்கும் வரை அவள் அதற்குள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? நான் அப்படி வைத்துக்கொண்டேன். நீ வேறு மாதிரி வைத்துக்கொண்டாய். டிஸ்க் கெட்டுவிட்டது, அதனால்தான் அப்பா பேசவில்லை, நாம்தான் கெடுத்தோம் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். ஒரு வீட்டில் இரண்டே பேர், ஒரே பீரோ. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்பா புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். சமையல் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. என் ரசத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நீ, அந்தப் பேச்சே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளை ஒரு நாள் பேசாமல் இருந்தால், அதற்கு நீயாக ஓர் அர்த்தம் எழுதிக்கொள்ளாதே. "ஏன் பேசல?" என்று கேட்டுவிடு. அவர் நம் வீட்டு ஆள் மாதிரி இருந்தால் முதலில் குக்கர் கதை சொல்வார். திரும்பவும் கேள். நீ பேசாமல் இருக்கிற நாளில் அவரைத் தேட விடாமல் நீயே சொல்லிவிடு. இதை நான் உன் அம்மாவிடம் ஒழுங்காகச் செய்தேன், அவள் விடமாட்டாள். உன்னிடம்தான் தவறிவிட்டேன், அம்மு. அன்றைக்கு உன் தலையைத் தொட்டு, நீ ஒன்றும் கெடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். நீ ஒன்றும் கெடுக்கவில்லை.

சரி, டிஸ்க்குக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை நல்ல வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்வட்டம் ஒரு நிறம், வெளிவட்டம் ஒரு நிறம். முக்கொம்பில் எடுத்தது கொஞ்சம்தானே, டிஸ்க்கில் பாதிகூட நிரம்பவில்லை. நீ வைத்த மூன்று பொட்டில் இரண்டு விளிம்பை ஒட்டி, ஒன்றுமே எழுதாத காலி இடத்தில் உட்கார்ந்திருந்தன. இத்தனை வருஷம் அவற்றுக்கும் சேர்த்துத்தான் நீ அழுதிருக்கிறாய். மூன்றாவதுதான் உள்ளே, எழுதின இடத்தில் இருந்தது.

எழுதின இடத்தில் அழுக்கு இருந்தால் அங்கே உள்ளது போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. இதைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களாகத்தான் இருக்க வேண்டும். முசிறிக்குப் பெண் வீட்டார் சீர் கொண்டு போகும்போது எல்லாவற்றையும் ஒரே வேனில் ஏற்ற மாட்டார்கள் அல்லவா? ஒரு வேன் வழியில் நின்றுவிட்டாலும் மற்ற வேன்களில் வந்ததை வைத்து முகூர்த்தம் நடந்துவிடும். ப்ளூ-ரேயிலும் ஒரு காட்சியை ஒரே இடத்தில் எழுதுவதில்லை. துண்டு துண்டாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி வைத்து, ஒன்று தொலைந்தால் மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு அதைத் திரும்ப வரவழைக்கிற மாதிரி, கருவி கூடவே சில குறிப்புகளையும் எழுதிவிடும். சின்னக் கீறல், விரல் ரேகை எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எல்லா வேனும் நின்றுவிட்டால் என்ன செய்வது? நீ வைத்த பொட்டு விரல் நுனி அகலம். அவ்வளவு பெரிய இருட்டைத் தாண்ட அதனால் முடியாது. சந்தனத்தை எடுத்தே ஆக வேண்டும்.

பஞ்சை நனைத்து மேலாக வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடி வைத்தேன், குங்குமம் மட்டும் சிவப்பாகக் கரைந்து வந்தது, சந்தனம் அப்படியே நின்றது. சுரண்டக் கூடாது. ஊற வைத்தால்தான் இளகும். ஊற வைப்பதென்றால் டிஸ்க் முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். மேல்பக்கம் அச்சடித்தது ஸ்டுடியோ பிரிண்டர் மை, தண்ணீரில் நிற்காது. நீ எதைக் காப்பாற்றப் பொட்டைத் திருப்பி வைத்தாயோ, அதையே நான் கரைக்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு வைத்துவிட்டு, டிஸ்க்கைக் கையில் பிடித்தபடி சமையலறையில் வெகுநேரம் நின்றேன். சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் போய்ப் பார்த்தேன். போனில் இருப்பவற்றைப் பார்த்தேன். முகம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அம்மு. கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறது, காலையில் தூங்கி எழுந்து கண்ணாடி பார்த்தால் உன்னிடமே இருக்கிறது. குரல் வேறு எங்கேயும் இல்லை.

தண்ணீரில் விட்டேன். முதலில் டிபன் பாக்ஸ் கலைந்தது, பிறகு புடவையின் பச்சை, பிறகு அவள். தண்ணீர் லேசான ஊதா நிறத்துக்கு மாறியது. நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை. சந்தனம் இளகித் தானாகவே விலகி அடியில் படிந்தது. எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, உன் அம்மாவின் பழைய பருத்திப் புடவைத் துணியால் நடுவிலிருந்து வெளியே ஒற்றினேன். பொட்டு இருந்த இடத்தில் மெல்லிய சிவப்புக் கறை மட்டும் மிச்சம். மேல்பக்கம் வெள்ளையாகிவிட்டது.

கருவி இன்னும் ஓடுமா என்பது அடுத்த கவலை. பரணிலிருந்து இறக்கினேன். பொத்தானை அமுக்கினால் தட்டு வெளியே வரவில்லை. முன்னால் சின்னத் துளை ஒன்று இருக்கும், அதில் ஊக்கு நுனியை விட்டு அழுத்தித்தான் திறந்தேன். டிஸ்க்கை வைத்துத் தள்ளினேன். சுற்றுகிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்பச் சுற்றியது. நான் அதற்குள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன், ரங்கநாதரில் தொடங்கி உச்சிப் பிள்ளையார் வரை. பிறகு கம்ப்யூட்டரில் 'முக்கொம்பு' என்று நான் அடித்து வைத்த பெயர் வந்தது.

உடனே போட்டுப் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறாயா? இல்லை. தொழில்காரன் முதலில் நகல் எடுப்பான், அப்புறம்தான் பார்ப்பான். அந்தப் பாடத்தை ஒரு முறை கற்றது போதும். நகல் எடுக்கத் தொடங்கியது. கறை இருக்கும் இடம் வந்ததும் கருவி திணறியது. வேகம் குறைந்து, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த வேன் நின்றதோ, எந்த வேன் வந்து சேர்ந்ததோ, கடைசியில் கடந்துவிட்டது. ஓரிரு துண்டு தவிர முழுவதும் வந்துவிட்டது, அம்மு. கம்ப்யூட்டரில் ஒன்று, புது டிஸ்க்கில் ஒன்று, மாப்பிள்ளை சொல்கிற அந்த இணையக் கணக்கில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்துவிட்டேன். உன் கல்யாண வீடியோவையும் இதே மாதிரி வைக்கச் சொல். ஒரே இடத்தை நம்ப வேண்டாம், அது எவ்வளவு புதுசாக இருந்தாலும்.

பிறகுதான் போட்டேன். முதலில் தண்ணீர், மதகுச் சத்தம். மரம். அப்புறம் அவள். பச்சைப் புடவையின் கரையில் ஒவ்வொரு மாங்காயும் தெரிகிறது. பரு தெரிகிறது. எதிலும் என் கண் நிற்கவில்லை. "என்னங்க, எம்மூஞ்சியவே எடுத்துக்கிட்டு இருக்காதீங்க, தண்ணியப் புடிங்க" என்கிறாள். எனக்கும் அந்தக் குரல் மறந்துதான் போயிருந்தது, அம்மு. கேட்ட பிறகுதான் மறந்திருந்தது தெரிந்தது. நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடக் கொஞ்சம் கனமான குரல். நீ போனில் "ஏம்ப்பா" என்று இழுக்கிறாயே, அது அவளுடையது.

கொஞ்ச நேரத்தில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, புளிசாதத்தை ஒரு கவளம் உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கேமராவைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறாள். அந்த இடத்தில் படம் லேசாக உடைகிறது, முகம் கட்டம் கட்டமாகிறது. உன் மூன்றாவது பொட்டு. குரல் மட்டும் உடையவே இல்லை. "அம்முக்குட்டி... ஏய் அம்முக்குட்டி, தண்ணிகிட்ட நிக்காதன்னு சொன்னேன்ல? இங்க வா. ஒரு வாய் வாங்கிக்கிட்டுப் போ."

அம்முக்குட்டி. அப்படித்தான் கூப்பிடுவாள். நாங்கள் எல்லாரும் அம்மு என்றால் அவள் மட்டும் குட்டியையும் சேர்த்துக்கொள்வாள். எழுதிக் காட்டினால் உனக்குக் கேட்காது என்று தெரியும், அதில் உள்ள இழுப்பை எந்தத் தாளிலும் எழுத முடியாது. வந்து கேட்டுக்கொள்.

நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் உள்ளது எனக்கானது இல்லை. வெள்ளிக்கிழமை ரயிலில்தானே வருகிறாய்? வண்டி ஊரை நெருங்கும்போது ஒரு போன் போடு, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். கை கால் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார். கையில் சோற்றை வைத்துக்கொண்டு, நீ ஓடி வருவாய் என்று அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அப்பா